பாம்புக் குட்டிக்கு ஏற்ற இரை அளவு

பாம்புக் குட்டிக்கு ஏற்ற இரை அளவு என்பது, பிறந்து சில நாட்களோ மாதங்களோ ஆன பாம்பு தீங்கின்றி விழுங்கிச் செரிக்கக்கூடிய இரையின் பருமனையும் எடையையும் குறிக்கும். ஏறத்தாழ எல்லாப் பாம்புகளும் இரையை மெல்லாமல் முழுதாகவே விழுங்குகின்றன. எனவே இரையின் வகையைப் போலவே அதன் அளவும் குட்டியின் உயிரைத் தீர்மானிக்கிறது. உயிரியல் பூங்காக்கள், பாம்புப் பண்ணைகள், மீட்பு மையங்கள் ஆகியவற்றில் குட்டிகளைப் பராமரிப்போருக்கு இது அடிப்படை அறிவாகும். இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றமாகும்.

விழுங்கும் முறை

பாம்பின் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்முனையில் எலும்பாக ஒட்டியிருப்பதில்லை. இழுபடும் நார்த்திசு அவற்றை இணைக்கிறது. இதனால் வாய் மேலும் கீழுமாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் விரிகிறது. பற்கள் உட்புறமாக வளைந்திருக்கும். தாடையின் வலப்பக்கம் இரையைப் பற்றியிருக்கும்போது இடப்பக்கம் முன்னே நகரும். பின்னர் இடப்பக்கம் பற்ற, வலப்பக்கம் நகரும். இவ்வாறு தலை இரையின் மீது சிறிது சிறிதாக முன்னேறுகிறது. அந்நேரத்தில் மூச்சுக்குழலின் வாய்ப்பகுதி முன்னே நீண்டு வருவதால் மூச்சு தடைபடுவதில்லை. பாம்புக்கு மார்பெலும்பு இல்லாததால் விலா எலும்புகள் விரிந்து இரைக்கு வழிவிடுகின்றன.

இத்தகைய அமைப்பு இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. அகன்ற தலையும் தடித்த உடலும் கொண்ட விரியன்கள் தம் உடல் அளவுக்குப் பெரிய இரையை விழுங்க வல்லவை. மெல்லிய உடல் கொண்ட சாரை, கட்டுவிரியன் போன்றவை நீண்டு ஒடுங்கிய இரையையே எளிதில் விழுங்கும்.

இயற்கையில் குட்டிகளின் இரை

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். பல இனக் குட்டிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் இதனைக் கொண்டே வாழ்கின்றன. முதல்முறை சட்டை உரித்த பிறகே அவை இரை தேடத் தொடங்குகின்றன. தாய்ப்பாம்பு குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை.

வளர்ந்த பாம்பின் உணவையே குட்டியும் உண்ணும் என்று கருதுவது பொதுவான பிழையாகும். வளர்ந்த நல்ல பாம்பும் சாரையும் எலிகளை மிகுதியாக உண்கின்றன. அவற்றின் குட்டிகளோ சிறு தவளை, தேரை, பல்லி ஆகியவற்றை உண்கின்றன. கட்டுவிரியன் குட்டி புழுப்பாம்புகளையும் அரணைகளையும் பிடிக்கும். கண்ணாடி விரியன் குட்டி பல்லி, ஓணான் குஞ்சு போன்றவற்றை உண்டு வளர்ந்து பின்னர் எலிக்கு மாறும். சுருட்டை விரியன் தேள், பூரான் போன்றவற்றையும் உண்ணும். நீர்க்கோலிக் குட்டிக்குத் தலைப்பிரட்டையும் சிறு மீனும் இரையாகும். மண்புழு போலத் தோன்றும் புழுப்பாம்பு, எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தின்று வாழ்நாள் முழுவதையும் கழிக்கிறது.

அளவைக் கணக்கிடுதல்

பராமரிப்பாளர்கள் பொதுவாக இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றனர்.

பருமன்: இரையின் மிகத் தடித்த பகுதி, பாம்பு உடலின் மிகத் தடித்த பகுதிக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். ஒன்றரை மடங்கை மீறக்கூடாது. பாம்பின் தலையை வைத்து அளவிடுவது பிழையாகும். வாய் தலையைவிடப் பல மடங்கு விரியும்.

எடை: குட்டியின் உடல் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை ஒரு வேளை இரையாகத் தரப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பின் குட்டி 60 கிராம் எடை இருப்பின், அதற்குரிய இரை 6 முதல் 9 கிராம் வரை இருக்க வேண்டும். பிறந்த சுண்டெலிக் குஞ்சு 1 முதல் 2 கிராம் எடையுள்ளது. கண் திறக்கும் பருவத்தில், அதாவது இரண்டு வாரத்தில், அது 7 முதல் 10 கிராம் எடையை அடைகிறது. வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம் இருக்கும். ஆகவே இந்தக் குட்டிக்குக் கண் திறந்த பருவத்துச் சுண்டெலி பொருந்தும். வளர்ந்த சுண்டெலி பொருந்தாது. குட்டி வளர வளர எடையை மீண்டும் அளந்து இரையின் அளவை உயர்த்த வேண்டும்.

இளம் குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை இரை போதுமானது. வளர்ந்த பாம்புகளுக்கு இந்த இடைவெளி இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். இரை உண்ட பின் வயிற்றுப் பகுதியில் சிறு புடைப்புத் தெரிந்து, ஓரிரு நாளில் மறைந்தால் அளவு சரியானது எனக் கொள்ளலாம். புடைப்பே தெரியாவிட்டால் இரை சிறியது. தோல் இழுபட்டுச் செதில்களுக்கு இடையே இடைவெளி தெரிந்தால் இரை பெரியது. ஐயம் ஏற்படும்போது சிறிய இரையைத் தருவதே நல்லது. சிறிய இரையால் குட்டி சற்று மெதுவாக வளரும்; பெரிய இரை அதனைக் கொன்றுவிடக்கூடும்.

அளவு மீறினால்

பெரிய இரையின் உட்பகுதியைச் செரிமான நீர் சென்றடையும் முன்பே அது வயிற்றில் அழுகத் தொடங்குகிறது. அப்போது பாம்பு அதனைக் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் உடல் நீரும் வெளியேறுவதால் குட்டி நலிவடைகிறது. கக்கிய குட்டிக்கு உடனே மறுபடியும் இரை தரக்கூடாது. 10 முதல் 14 நாள் வரை நீர் மட்டும் வைத்து, பின்னர் முந்தைய அளவில் பாதியைத் தருவது வழக்கம். மீண்டும் கக்கினால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

இரை சரியான அளவில் இருந்தாலும் குளிர், இரை உண்டவுடன் கையில் எடுத்தல் ஆகியவற்றால் குட்டி கக்கக்கூடும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானத்துக்குப் பல இனங்களுக்கு 28 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் தேவை. இரை உண்ட 48 மணி நேரம் வரை பாம்பைத் தொடாதிருக்க வேண்டும். கண்கள் பால் நிறமாக மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கப் போகிறது. அப்போது இரை மறுப்பது இயல்பு.

உயிருள்ள எலியை அடைப்பில் விட்டுச் செல்வது ஆபத்தானது. பசியற்ற பாம்பை எலி கடித்துப் புண்ணாக்கும். இறைச்சித் துண்டுகளும் முழு இரைக்கு ஈடாகா. எலும்பு, ஈரல், குடல் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் வெறும் தசையில் போதிய அளவு இல்லை.

பாலும் முட்டையும்

தமிழ்நாட்டில் ஆடி வெள்ளி, நாக சதுர்த்தி போன்ற நாட்களில் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைத்து வழிபடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இது வழிபாட்டின் பகுதியே தவிர, பாம்பின் உணவுமுறை அன்று. பால் பாலூட்டிகளுக்கு உரிய உணவு. அதனைச் செரிக்கும் தன்மை பாம்புக்கு இல்லை. பாம்பு பால் குடிப்பதாகக் காட்டுவோர் அதனைப் பல நாள் நீரின்றி வைத்திருப்பர். தாகம் மிகுந்த பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும். அவ்வாறு குடித்த பால் நுரையீரலுக்குள் சென்று உயிரிழப்புக்கும் காரணமாகிறது.

வளர்ந்த நல்ல பாம்பு முட்டையையும் உண்ணும். ஆனால் அதன் குட்டி பொரிக்கும்போது ஓர் அடி நீளமே இருக்கும். பருமன் சுண்டுவிரலை விஞ்சாது. கோழி முட்டையின் குறுக்களவோ 4 சென்டிமீட்டருக்கு மேல். குட்டியால் அதனை விழுங்க இயலாது.

சட்ட நிலை

இந்தியப் பாம்புகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்படுகின்றன. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ளது. அந்த அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படியும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சென்னை, திருச்சி வானூர்தி நிலையங்களில் கடத்திவரப்பட்ட மலைப்பாம்புக் குட்டிகள் கைப்பற்றப்பட்டுள்ளன.

உரிய அனுமதியுடன் பாம்புகளைப் பராமரிக்கும் இடங்களும் உள்ளன. ரோமுலசு விட்டேக்கர் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இயங்குகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978-இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், பாம்புக்கடி மருந்துக்கு நஞ்செடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகிறது.

குடியிருப்பில் குட்டி காணப்பட்டால்

திருவண்ணாமலையில் அண்ணாமலை மலையின் பாறை இடுக்குகளும் புதர்களும் குடியிருப்புகளை ஒட்டியே உள்ளன. சுற்றிலும் ஏரிகளும் நெல், மணிலா வயல்களும் இருப்பதால் எலி, தவளை, பல்லி ஆகியவற்றுக்குக் குறைவில்லை. இத்தகைய ஊர்களில் கோடை முடிந்து மழை தொடங்கும் காலத்தில் பாம்புக் குட்டிகள் வீட்டு வாசலிலும் கிணற்றடியிலும் தென்படுவது உண்டு.

அவ்வாறு காணப்படும் குட்டி தாயைப் பிரிந்து தவிப்பதாக எண்ணி எடுத்து வளர்ப்பது தவறு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் குட்டிகளுக்குப் பிறந்த நாள் முதலே நஞ்சு உண்டு. குட்டியைத் தொடாமல் தொலைவிலிருந்து கண்காணித்தபடி வனத்துறைக்கோ, 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். பால், முட்டை, இறைச்சி எதுவும் வைக்க வேண்டியதில்லை. தன் உடலுக்கு ஏற்ற இரையைத் தானே தேடிக்கொள்ளும் திறன் அதற்குப் பிறவியிலேயே உள்ளது.