அழலைத் தணிக்கும் அடுக்களை

நுழையும்முன்

காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வெளியே புண்ணும் இல்லை. ஆயினும் உடலுக்குள் மெல்லிய அழல் ஒன்று ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக்கூடும். நீரிழிவு, மாரடைப்பு முதலிய நோய்களோடு அதற்குள்ள தொடர்பை மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில்தான் தெளிவாக உணர்ந்தது. அந்த அழலுக்கும் அன்றாடம் உண்ணும் உணவுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை விளக்குகிறது.

குன்னூரில் ஓர் அறை

நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1918ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். கால்கள் வீங்கி, நரம்புகள் தளர்ந்து, இறுதியில் இதயமே செயலிழக்கும் கொடிய நோய் அது. ஓரறையில் தொடங்கிய அந்த ஆய்வே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.

பெரிபெரிக்கும் அரிசிக்கும் தொடர்புண்டு என்பது அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. சாவகத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெண்சோறு அவற்றுக்குத் தீனியாக இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்களுக்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். வேறு வழியின்றித் தீட்டாத மலிவான அரிசி இடப்பட்டது. கோழிகள் தாமே தேறின. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றின் போக்கை மாற்றியது என்றால் அது மிகையாகாது. இந்த ஆய்வின் பயனாக எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மெக்காரிசன் இந்தக் கேள்வியை மேலும் விரித்தார். ஒரு சத்தின் குறைவை மட்டும் ஆராயாமல், மக்கள் உண்ணும் முழு உணவையும் ஆராய முற்பட்டார். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை அப்படியே சமைத்து, ஒரே வழியில் பிறந்த எலிகளுக்குக் கொடுத்தார். தீட்டாத கோதுமை மாவு ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பிறவற்றைச் சிறிதளவாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகள் வளர்ச்சியில் பின்தங்கின.

மற்றோர் ஆய்வில் இங்கிலாந்து ஏழை மக்களின் உணவைக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை கலந்த தேநீர், வேகவைத்த காய்கறி, தகரக் குவளையில் அடைத்த இறைச்சி ஆகியவையே அவ்வுணவு. அந்த எலிகள் வளர்ச்சி குன்றின. நுரையீரலிலும் இரைப்பையிலும் குடலிலும் நோய்கள் மலிந்தன. ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் தலைப்பட்டன. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் வயிறு நிறைவதும் உடல் நலம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கூண்டுகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின.

காக்கும் அழலும் கனலும் அழலும்

அழல் என்னும் சொல்லுக்கு நெருப்பு என்பது பொருள். அதிலிருந்து பிறந்ததே அழற்சி. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமானிய எழுத்தாளர் செல்சசு குறித்துவைத்தார். புண்பட்ட இடத்துக்குக் குருதி பெருகிப் பாய்கிறது. வெள்ளணுக்கள் குழாய்களிலிருந்து வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. பணி முடிந்ததும் அழல் அடங்குகிறது; புண் ஆறுகிறது. இவ்வழற்சி இல்லையேல் ஒரு சிறு கீறலே உயிரைக் குடித்துவிடும்.

அடங்க வேண்டிய காலத்தில் அடங்காமல் நீள்வதே நாட்பட்ட அழற்சி. இங்கு முள்ளும் இல்லை. பெரும்பாலும் கிருமியும் இல்லை. வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்புத் திசு, புகைப்பழக்கம், உறக்கக் குறைவு, ஈறு நோய், பொருந்தா உணவு எனக் காரணங்கள் பல. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது என்பதும், அப்பொருள்கள் இன்சுலினின் செயலுக்குத் தடையாகின்றன என்பதும் 1990களில் புலனாயின. தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படியும்போதும் வெள்ளணுக்கள் அங்கே குவிந்து அழலை மூட்டுகின்றன. படிவு வெடித்துக் குருதி உறைந்தால் அதுவே மாரடைப்பாகிறது.

கண்ணுக்குத் தெரியாத இவ்வழலைக் குருதிப் பரிசோதனையால் அளக்கலாம். 1930ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சி-எதிர்வினைப் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. உடலில் அழற்சி மிகும்போது இதன் அளவும் உயர்கிறது.

தெரிந்து தெளிவோம்

மாரடைப்பு ஏற்பட்டுப் பிழைத்தவர்களும் சி-எதிர்வினைப் புரதம் மிகுந்திருந்தவர்களுமான ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. அழற்சியை மட்டுமே தணித்தது. ஆயினும் மீண்டும் மாரடைப்பு முதலியவை நேர்வது குறைந்தது. அதேவேளையில் கிருமித்தொற்றால் இறந்தவர் எண்ணிக்கை சற்றே கூடியது. அழற்சி மிகுதலும் தீங்கு; அதனை அடியோடு அடக்குதலும் தீங்கு.

குடலில் வாழும் விருந்தினர்

அழற்சிக்கும் உணவுக்கும் உள்ள உறவு பெரிதும் பெருங்குடலில் விளங்குகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. மனிதரால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. நாரை நொதிக்கச் செய்து அவை கொழுப்பு அமிலங்கள் சிலவற்றை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், குடற்சுவர் உயிரணுக்களுக்கு எரிபொருளாகிறது. நோயெதிர்ப்பு அணுக்களின் மிகை வேகத்தையும் தணிக்கிறது. நார் குறைந்தால் அந்நுண்ணுயிரிகள் பசியால் வாடும். அவற்றுள் சில, குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே உண்ணத் தொடங்கும் என்பது எலிகளிடம் செய்த ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வேலி மெலிந்தால் உள்ளே நுழையக் கூடாதவை நுழையும். காவல் அணுக்கள் ஓயாமல் போரிடும்.

இவ்விடத்தில்தான் முழு உணவு என்னும் கருத்து பொருள் பெறுகிறது. விளைந்த பொருளிலிருந்து உண்ணத்தக்க பகுதிகளைக் களையாமல் உண்பதே முழு உணவு. நெல்லை எடுத்துக்கொள்க. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதனை நீக்கியே ஆக வேண்டும். அதற்கு உள்ளே உள்ள தவிடும் முளையும் சேர்ந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனினும் நெல்லின் நார், பி-வைட்டமின், நல்ல எண்ணெய், இரும்பு முதலியவற்றின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. எஞ்சிய வெண்மணி பெரிதும் மாவுச்சத்தே.

அவ்வாறாயின் தவிட்டை ஏன் நீக்குகின்றனர்? வெண்மை மீதுள்ள விருப்பம் ஒரு காரணம். தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவில் கெட்டுச் சிக்குநாற்றம் அடிக்கும் என்பது வணிகர் கூறும் காரணம், அதுவும் மெய்யே. உலக்கையால் குத்திய காலத்தில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று குத்தினர். ஆலைகள் பெருகிய பின் அரிசி மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்க நேர்ந்தது. கெடாமல் இருக்க வேண்டியது அரிசியா, உண்பவர் உடலா என்னும் வினா அங்கே கேட்கப்படவே இல்லை.

இதற்கிடையே தமிழ்நாட்டு வழக்கம் ஒன்று பலரைக் காத்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தினால், தவிட்டிலுள்ள பி-வைட்டமினின் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடும். பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் நீங்காது. பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழக மாவட்டங்களில் அந்நோய் அரிதாக இருந்ததன் காரணம் இதுவே. ஆனால் நார்ச்சத்தைப் பொறுத்தவரை தீட்டிய புழுங்கலரிசியும் குறைவுடையதே என்பதை மறத்தலாகாது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்று 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு தெரிவிக்கிறது. மூன்று வேளையும் வெண்சோறும் மைதாவும் சர்க்கரையும் இடம்பெறும் தட்டு இதற்கு ஒரு காரணம்; உழைப்புக் குறைந்த வாழ்க்கை மற்றொரு காரணம்.

அடுப்பங்கரை நுட்பம்

முழுத்தானியத்தை வாங்கினால் மட்டும் போதாது. பக்குவமாகச் சமைக்கவும் வேண்டும். கைக்குத்தல் அரிசியின் மேலுறை தடித்தது. உடனே உலையிலிட்டால் வேகாது, பல்லில் கடிபடும், வீட்டார் முகம் சுளிப்பர், மறுநாளே வெண்ணரிசி திரும்பி வந்துவிடும். சில மணிநேரம் ஊறவைத்து, சற்றுக் கூடுதலாக நீர் வைத்து, நிதானமாக வேகவிட்டால் இச்சிக்கல் தீரும். பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் நீரில் கரையும் வைட்டமின்களை இழக்கச் செய்யும். வடித்தேதான் ஆக வேண்டுமெனில், அக்கஞ்சியில் உப்பிட்டுப் பருகுவது பழைய வீடுகளின் வழக்கம்.

கேழ்வரகு, கம்பு, பயறு ஆகியவற்றில் பைட்டிக் அமிலம் உண்டு. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அதன் அளவைக் குறைக்கின்றன. கம்பங்கூழை முந்தைய இரவே கரைத்துப் புளிக்கவைத்த மூதாட்டியர் பைட்டிக் அமிலம் என்ற பெயரை அறியார், செய்முறையை அறிந்திருந்தனர். சோற்றை ஆறவைத்து நீரூற்றி மறுநாள் உண்ணும்போது, அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரியாத வடிவம் கொண்டு, நாரைப் போலவே குடல் நுண்ணுயிரிகளைச் சென்றடைகிறது.

முருங்கைக்கீரை, அவரை, வாழைத்தண்டு, நெல்லி, கொய்யா, நிலக்கடலை, எள், கொள்ளு ஆகியவை எல்லாச் சந்தைகளிலும் கிடைப்பவை. மத்தி மீனில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. அது அழற்சியைத் தணிக்கும் பொருள்களாக உடலில் மாறுகிறது. விலையுயர்ந்த அயல்நாட்டு மீன்களைத் தேடுவோர் இந்த எளிய மீனைக் கடந்து செல்வது வியப்பே. எண்ணெய் எதுவாயினும் ஒருமுறை பொரித்ததையே மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் கூடாது; அதனால் அது சிதைந்து தீய பொருள்கள் உண்டாகும்.

மஞ்சளைப் பற்றி ஒரு சொல். அதிலுள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் குடல் அதனை மிகக் குறைவாகவே ஈர்த்துக்கொள்கிறது. மிளகு சேர்ந்தால் ஈர்ப்புச் சற்றுக் கூடும். குழம்பில் இடும் மஞ்சள் நல்ல சேர்மானம், அது மருந்தன்று. அதனை மாத்திரையாக்கி எல்லா நோயும் தீரும் என விற்போரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. தனி ஒரு பொருளால் அழற்சி தணிவதில்லை. உணவு முழுவதும் மாறும்போதே தணிகிறது. ஸ்பெயின் நாட்டில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த ஆய்வும் இதனையே உணர்த்துகிறது. காய்கறி, பழம், பருப்பு, மீன் ஆகியவற்றோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்து உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன.

மருந்தும் உணவும்

முழு உணவு உண்ணத் தொடங்கியதும் நீரிழிவு மாத்திரையையோ மூட்டுவாத மருந்தையோ தாமே நிறுத்திவிடுவோர் உளர். இது பெருந்தவறு. அழற்சியால் சிதைந்த மூட்டைக் கீரை நேராக்காது. சிறுநீரகம் பழுதுற்றவருக்குக் கீரையும் பழமும் பொட்டாசியத்தை மிகுவித்துத் தீங்கு செய்யவும் கூடும். அவர்கள் மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும். கேழ்வரகாயினும் நைய அரைத்த மாவில் களியாகக் கிண்டி அளவின்றி உண்டால் குருதிச் சர்க்கரை உயரும்.

விலையும் ஒரு தடை. தீட்டுதல் குறைந்த அரிசிக்கு விலை குறைவாக இருக்க வேண்டும் என்று தோன்றினாலும், கடைகளில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைப்பது வெண்ணரிசியே. அந்நிலையில் சிறு மாற்றம் ஒன்று 2023ஆம் ஆண்டு நிகழ்ந்தது. தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களில், குடும்ப அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. மெக்காரிசன் எலிகளுக்குத் தீட்டிய அரிசியை எடைபோட்டுக் கொடுத்த குன்னூர், அவ்விரு மாவட்டங்களுள் ஒன்றான நீலகிரியில்தான் உள்ளது.