கமத்தொழிலில் கையடக்கத் தொலைபேசி

ஊவாவின் மேட்டு நிலங்களில் பெரும்போகத்திலும், நெல் அறுத்த வயல்களில் சிறுபோகத்திலும் உருளைக்கிழங்கு செய்கைபண்ணப்படுவதைப் பதுளை மாவட்டக் கமக்காரர் யாவரும் அறிவர். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் கிழங்கோடு போஞ்சி, கோவா, லீக்ஸ், தக்காளி என்பனவும் விளைகின்றன. இப்பயிர்களுள் எதுவும் நெடுநாள் காத்திருப்பதில்லை. பனிமூட்டமுள்ள ஒரு வாரத்துள் நோய் வயலைத் தின்றுவிடும். பறித்த காய் மூன்றாம் நாள் விலை இழந்துவிடும். ஆகவே உரிய வேளையில் உரிய தகவலைப் பெறுதல் இங்கு மிக அவசியமாகின்றது. அதற்கான கருவி இன்று பெரும்பாலான வீடுகளிலும், தோட்ட லயன்களிலுங்கூட, இருக்கின்றது. அது பெரும்பாலும் பேச்சுக்கும் பாட்டுக்கும் மாத்திரமே பயன்படுகின்றமை வருந்தத்தக்கது.

கையில் ஏந்திப் பேசும் தொலைபேசி முதன்முதலாக 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயக்கிக் காட்டப்பட்டது. இலங்கையில் இச்சேவை 1989இல் ஆரம்பமாயிற்று. 1990களில் சட்டைப் பையில் அடங்கும் கைக்கணினிகள் தனியாக விற்கப்பட்டன. 2007ஆம் ஆண்டுக்குப் பின்னர் கணினியும் தொலைபேசியும் புகைப்படக் கருவியும் ஒன்றாகிவிட்டன. தமிழ் எழுத்தும் இதில் பின்தங்கிவிடவில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று வெளிவந்து, தமிழிலேயே குறுந்தகவல் எழுத வழிசெய்தது.

விவசாயத் திணைக்களம் 2006ஆம் ஆண்டு தொடக்கம் 1920 என்னும் இலக்கத்தில் தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்தி வருகின்றது. தமிழில் பேச வேண்டுமாயின் அதைத் தொடக்கத்திலேயே கூறுதல் நன்று. மறுமுனையில் இருப்பவர் வயலைக் காணமாட்டார். கமக்காரர் வாயால் சொல்வதே அவருக்குக் கண். பின்வருவது போன்ற பேச்சு அடிக்கடி நிகழக்கூடியது.

“ஐயா, கெழங்குச் செடி எல்லாம் வாடிப் போச்சுங்க. என்ன மருந்து அடிக்கிறது?”

“நட்டு எத்தனை நாளாகிறது?”

“அம்பது நாள் இருக்குமுங்க.”

“இலையில் கறுப்புப் புள்ளி உண்டா? அல்லது இலை பச்சையாகவே இருந்து செடி தலைசாய்கிறதா?”

“பச்சையாத்தாங்க இருக்கு. மத்தியானம் சாயுது. மொதல்ல ரெண்டு நாள் அந்தியில நிமிந்துச்சு.”

இந்தக் கடைசி விடையே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. இலையில் நீர் தோய்ந்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றி, காலையில் இலையின் அடிப்புறம் வெண்பூஞ்சணம் காணப்பட்டால் அது பின்கூற்று வெளிறல் நோய். 1845இல் அயர்லாந்து நாட்டின் கிழங்குச் செய்கையை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது இதுவே. இதற்குப் பூஞ்சண நாசினி உண்டு; காலம் தாழ்த்தாது தெளித்தால் பயிரைக் காக்கலாம். ஆனால் பச்சை இலையுடன் செடி வாடுவது பெரும்பாலும் பற்றீரியா வாடல் நோயாகும். இதற்கு எந்தப் பூஞ்சண நாசினியும் பலன் தராது. தெளித்த பணம் முழுவதும் நட்டம். நோயுற்ற செடியும் அதன் கீழுள்ள மண்ணும் அகற்றப்படாமல் கிடக்க, நீரோடு நோய் அடுத்த பாத்திக்கும் செல்லும்.

ஐயம் தீர ஒரு சோதனை போதும். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீரில் படும்படி அசையாது பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற நூலிழைகள் கீழிறங்கினால் அது வாடல் நோயே. இதைச் செய்து பார்த்த பின்னர் தொலைபேசியில் பேசினால், அரை மணி நேரக் கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பயிரின் இனம், நட்ட நாள், எத்தனை செடிகளில் நோய் கண்டது, முன்னர் தெளித்த மருந்தின் பெயர், தெளித்த நாள் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருத்தல் வேண்டும். நெல்லில் எரிபந்தமோ கபில நிறத் தத்தியோ கண்டபோதும் இம்முறையே பொருந்தும்.

புகைப்படம் அனுப்பக்கூடிய தொலைபேசியாயின், பிரதேச விவசாயப் போதனாசிரியருக்குப் படம் எடுத்து அனுப்பலாம். ஒரே இலையைப் பத்து முறை எடுத்து அனுப்புவதாற் பயனில்லை. வயல் முழுவதும் தெரிய ஒன்று, ஒரு செடி முழுவதும் ஒன்று, இலையின் அடிப்புறம் அருகில் ஒன்று ஆக மூன்று படங்கள் போதுமானவை. நிழலில் எடுத்தல் நலம். இலைக்கருகில் ஒரு நாணயத்தை வைத்தால் புள்ளியின் பருமன் விளங்கும்.

படத்தைப் பார்த்துத் தானே நோயின் பெயர் சொல்லும் செயலிகளும் இப்போது வந்துள்ளன. ஜெர்மனியில் உருவான பிளாண்டிக்ஸ் அத்தகையது. இவை இலைப்புள்ளிகளை ஓரளவு இனங்காணும். ஆயினும் தண்டினுள்ளே இருக்கும் வாடல் நோயைப் படக்கருவி காண இயலாது. குவளைச் சோதனையைச் செயலி செய்து தரவும் மாட்டாது. செயலி சொன்ன பெயரைக் கேள்வியாகக் கொண்டு போதனாசிரியரிடம் செல்ல வேண்டுமேயன்றி, மருந்துக் கடைக்கு நேரே செல்லலாகாது. மருந்து தெளித்த கையால் தொலைபேசியைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். அக்கருவி பின்னர் கன்னத்திலும் வாயருகிலும் படுகின்றது. குழந்தைகளின் கைக்கும் போகின்றது.

இனி விலை பற்றிய விடயம். இதற்குக் கேரளக் கடற்கரையில் நடந்ததைக் கூறுதல் பொருந்தும். 1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், வடகரைக் கரையில் 11 மீனவர் வாங்குவாரின்றித் தம் மீனை வீசவேண்டிய நிலையில் நின்றனர். அதே வேளையில் 15 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த வேறு கரைகளில் 27 கொள்வனவாளர் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தனர். இதனை ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்துள்ளார். கையடக்கத் தொலைபேசி அக்கரைக்கு வந்த பின் மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டுப் படகைத் திருப்பினர். மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் ஏறக்குறைய 8 வீதம் உயர, வாங்குவோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது.

இலங்கையில் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரை லேர்ண்ஏசியா நிறுவனம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவும் இதையொத்ததே. அவர்தம் மொத்தச் செலவில் சுமார் 11 வீதம் தகவல் தேடுவதிலேயே கழிந்தது. பசளைக் கணக்கு எழுதுவோர் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

படகைக் கடலில் திருப்பலாம். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தின் வாயிலில் லொறியோடு நிற்பவர் விலை கேட்டு என்ன செய்ய இயலும்? பறித்தாயிற்று, மூடை கட்டியாயிற்று, லொறிக் கூலியும் ஏறிவிட்டது. ஆகையால் பறிக்குமுன் கேட்பதே கேள்வி. கோவாவும் லீக்ஸும் சில நாட்கள் நிலத்தில் நின்று பொறுக்கும். முதிர்ந்த கிழங்கும் பொறுக்கும். இவற்றின் விலையைத் தொடர்ந்து கேட்டு அறுவடை நாளை மாற்றுதல் இயலும். போஞ்சியும் தக்காளியும் பொறுக்கமாட்டா. அவற்றுக்கு நாளை மாற்ற முடியாது. எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்பதையே மாற்றலாம். தனியொருவரின் நான்கு மூடைக்காகத் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ லொறி பிடிக்க இயலாது. அயலவர் பலர் ஒரே நாளில் பறித்து ஒன்றாக ஏற்றினால் இயலும்.

நாளாந்த மொத்த விலைகளை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் மத்திய வங்கியும் வெளியிடுகின்றன. அவ்விலை சந்தை விலையே. கமக்காரர் கைக்கு வருவதன்று. தரகும் கூலியும் நீக்கியே கணக்கிட வேண்டும். மேலும், விதைக்கும் பசளைக்கும் வியாபாரியிடம் முற்பணம் பெற்றவர் எந்த விலையை அறிந்தாலும் அவரிடமே கொடுக்கக் கட்டுப்பட்டவர். இக்கட்டைத் தொலைபேசி அவிழ்க்காது. ஆயினும் இன்றைய விலை இன்னது என அறிந்தவர் முன் வியாபாரி குறைத்து எழுதத் தயங்குவார்.

விலையைக் கேட்கும் அதே கருவியால் மழையெச்சரிக்கையையும் கேட்டறிதல் மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு இன்றியமையாதது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் இடம் பெயர வேண்டும். நேரான பக்கங்களும் தட்டையான அடியுமுள்ள தகரமொன்றை வெளியில் வைத்தால் இம்மழையை வீட்டிலேயே அளக்கலாம். 75 மில்லிமீற்றர் ஏறக்குறைய 3 அங்குலம், 150 ஏறக்குறைய 6 அங்குலம். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்போ, ஊற்றில் திடீரெனச் சேற்று நீரோ காணப்பட்டால் அளவு நிறையும்வரை காத்திராது வெளியேறி, 117 என்னும் இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

பள்ளத்திலுள்ள லயன்களில் சமிக்ஞை சரிவரக் கிடைப்பதில்லை. எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்பதை வெயில் நாளிலேயே பார்த்து வைத்தல் வேண்டும். பெருமழையில் மின்சாரம் முதலில் நிற்குமாதலால், வானம் இருளும்போதே தொலைபேசிக்கு மின்னேற்றி, பிளாஸ்ரிக் பையிலிட்டுக் கட்டி வைத்தல் வேண்டும்.