சத்தத்தைக் கூட்ட முன்னர் பெட்டியை நகர்த்திப் பாருங்கள்

நான் வசிக்கும் கலேவெலயில் ஹோம் தியேட்டர் செட் வாங்கும் பலர், சப்வூபரை டீவி மேசைக்குப் பக்கத்தில், வயர் எட்டுகிற இடத்தில் வைத்துவிடுகிறார்கள். சில நாட்களில் முறைப்பாடு தொடங்குகிறது. ஒருவருக்கு பேஸ் போதவில்லை. இன்னொருவருக்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டும் டும்' இரைச்சல். இருவரும் அடுத்துச் செய்வது ஒன்றுதான்: சத்தத்தைக் கூட்டுவது, அல்லது இன்னும் பெரிய பெட்டிக்குக் காசு சேர்ப்பது. பெரும்பாலும் குறை பெட்டியில் இல்லை, அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

அறைக்குள் அடங்காத அலை

நமது காலநிலையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 347 மீற்றர் செல்கிறது. 1000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். ஆனால் சப்வூபர் தரும் 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.7 மீற்றர், அதாவது 28 அடிக்கும் மேல். நம் வீட்டு முன்னறைகள் பலவற்றின் நீளம் இதில் பாதியும் வராது.

இவ்வளவு நீண்ட அலை சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேரும்போது நின்ற அலை உருவாகிறது. சில இடங்களில் சத்தம் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். எனது முன்னறை 12 அடிக்கு 10 அடி. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், எந்த மீடிறனில் இது முதலில் நிகழும் என்பது தெரியும். 12 அடிக்குச் சுமார் 47 ஹேர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 57 ஹேர்ட்ஸ். இரண்டும் பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் வாழும் பகுதி.

இந்த முதல் நின்ற அலை சுவரோரத்தில் மிகப் பலமாகவும், அறையின் நடுவில் மிகப் பலவீனமாகவும் இருக்கும். அதனால்தான் நடு அறையில் கதிரை போட்டு உட்காருபவருக்கு பேஸ் கேட்பதில்லை, சுவரில் சாய்ந்திருப்பவருக்குக் காது அடைக்கிறது. பெட்டி ஒன்று, பாட்டு ஒன்று, கேட்பது வேறு வேறு.

நமது சுவர்கள் வேறு

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பல, மெல்லிய பலகைச் சுவர் கொண்ட மேலைநாட்டு வீடுகளுக்கானவை. அந்தச் சுவர்கள் சற்று அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். செங்கல்லும் சீமெந்துப் பூச்சும் அதை அப்படியே திருப்பி அனுப்பும். கம்பளமும் திரைச்சீலையும் உயர்ந்த சுருதிகளை அடக்குமே தவிர, பேஸுக்கு அவற்றால் பயனில்லை. சீலிங் அடிக்காத அஸ்பெஸ்டஸ் கூரையும், இறுகாத யன்னல் கண்ணாடியும் தாமாகவே அதிர்ந்து தனிச் சத்தம் எழுப்பும்.

மூலையா, நடுச்சுவரா?

தரையும் இரு சுவர்களும் சேரும் மூலையில் வைத்தால் பேஸ் பலமடங்காகும். ஒவ்வொரு பரப்பும் கோட்பாட்டளவில் 6 டெசிபெல் வரை கூட்டும். 6 டெசிபெல் என்பது அம்ப்ளிஃபயரின் வலுவை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். சிறிய பெட்டிக்கு இது இலவச உதவி. ஆனால் மூலை அறையின் எல்லா நின்ற அலைகளையும் ஒன்றாக எழுப்பிவிடும். இரைச்சல்தான் உங்கள் பிரச்சினை என்றால், அங்கிருந்து எடுத்து ஒரு சுவரின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள்.

ஹார்மன் நிறுவனத்தின் ரொட் வெல்டி 2002 இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சப்வூபர்கள் அறை முழுவதும் ஓரளவு சமமான பேஸைத் தருவதைக் காட்டினார். எனவே காசு செலவழிப்பதானால், ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சிறிய பெட்டிகள் நல்லது.

தலைகீழாகத் தேடுங்கள்

ஒரு பெட்டிதான் இருக்கிறதா? அதை நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரை மீது வையுங்கள். பேஸ் சுருதி ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து, பெட்டி நிற்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, மெதுவாகச் சுற்றி வாருங்கள். எல்லாச் சுருதிகளும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கும் இடத்தைச் சோக்கட்டியால் குறியுங்கள். பெட்டிக்கான இடம் அதுவே. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் முடிவு மாறாது என்பதால் இந்த வழி பலிக்கிறது.

பின்னர் க்ரொஸ்ஓவர் குமிழை 80 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காது இலகுவில் பிரித்தறியாது. அதனால் பெட்டி டீவிக்குப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. 0, 180 என்று குறித்த சுவிட்சை இரு பக்கமும் போட்டு, எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

இது அடுத்த வீட்டுக்கும் நல்லது. பேச்சையும் பாடகரின் குரலையும் சுவர் பெருமளவு மறித்துவிடும், பேஸ் ஊடுருவிப் போகும். 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது பொது இடங்களில் அனுமதி பெற்றுப் பாவிப்பவற்றைக் கருதித்தான். ஆனாலும் ஒட்டினாற்போல் வீடுகள் உள்ள இடத்தில், கைக்குழந்தையும் நோயாளியும் அதே சுவருக்கு அப்பால் தூங்குகிறார்கள். ஆகவே இரண்டு இடங்கள் ஒரே அளவு நன்றாகக் கேட்டால், பொதுச் சுவரிலிருந்து தள்ளி இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். பொருத்தமான இடத்தில் இருக்கும் பெட்டிக்குக் குறைந்த சத்தமே போதும்.