லாயத்துக்குப் புல் சுமந்தவள்

சாரட்டு வண்டி என்றாலே நமக்கு ராஜாவும் துரையும்தான் ஞாபகம் வருவார்கள். அந்தக் காலச் சென்னையில் துரைமார்களின் தோட்ட பங்களாக்களில் வண்டிக் கொட்டகையும் குதிரை லாயமும் உண்டு. குதிரைக்குக் குதிரைக்காரர் ஒருவர், புல் கொண்டுவர இன்னொருவர். வடக்கே ஆண்கள் செய்த இந்தப் புல் வேலையை, நம் சென்னை மாகாணத்தில் செய்தது பெண்கள்! தினமும் புல்லை அறுத்துக் கட்டிச் சுமந்து வரணும். குதிரை வயிற்றுக்கு லீவு ஏது? 1840-ல் தொடங்கி, கோச்சு வண்டி கட்டிய சிம்சன் கம்பெனியின் பெயர் இன்றும் இருக்கிறது. புல் சுமந்தவள் பெயர் யாருக்குத் தெரியும்?

இங்கே சிப்காட்டில், ஒரு கம்பெனித் தோட்டத்தில் புல் வெட்டப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்பவும் நாமதானாடி?" என்று சிரித்தார். காண்ட்ராக்ட் வேலை. அடையாள அட்டை கேட்டு ஆறு மாசமா நடக்கிறார், பாவம்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி