டிங்கிக்கு எந்த மோட்டார்? பெட்ரோலும் பேட்டரியும் ஒரு கணக்கு

கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கிறது ஒரு பாய்மரப் படகு. அதிலிருந்து கரைக்கு வந்து காய்கறியும் குடிநீரும் வாங்கித் திரும்ப ஒரு குட்டிப் படகு வேண்டும். எட்டு முதல் பத்தடி நீளம், ரப்பர் அல்லது ஃபைபர் உடல், இரண்டு மூன்று பேர் உட்காரலாம். இதுதான் டிங்கி. துடுப்பு போட அலுத்தவர்கள் பின்பலகையில் 2 அல்லது 3 ஹெச்.பி. மோட்டாரை மாட்டிக்கொள்வார்கள். அது பெட்ரோலில் ஓடுவதாக இருக்கட்டுமா, பேட்டரியிலா என்பதில் படகுக்காரர்கள் இன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் மூத்தது மின்சாரம்தான். குஸ்தாவ் ட்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர், கழற்றி மாட்டக்கூடிய மின் மோட்டாரைப் படகின் பின்புறம் பொருத்தி 1881-லேயே பாரிஸின் செய்ன் நதியில் ஓட்டிக் காட்டிவிட்டார். பெட்ரோல் மோட்டாரைப் பரவலாக்கிய ஓலே எவின்ரூட், அமெரிக்காவின் மில்வாக்கியில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909-ல். காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனதாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அவருடைய மோட்டார் என்று கதை சொல்வார்கள். பிந்தி வந்த பெட்ரோலே ஜெயித்தது. அன்றைய பேட்டரிகளின் கனம் அப்படி.

மின் மோட்டார் மீண்டும் தலையெடுத்ததற்கு ஜெர்மனியின் பவேரியா ஒரு முக்கியக் காரணம். அங்குள்ள கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்படகுகள் ஓடுகின்றன. ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல், டீசல் படகுகளுக்கான அனுமதி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. டோர்க்கீடோ என்ற மின் மோட்டார் நிறுவனம் 2005-ல் தொடங்கப்பட்டது அந்த ஏரிக்கரை ஊரில்தான். பெட்ரோல் மோட்டாருக்குப் பேர்போன யமஹாவே 2024-ல் அதை வாங்கிக்கொண்டது என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரியும்.

ஆனால் இயற்பியல் யாருடைய கட்சியிலும் சேர்வதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. டோர்க்கீடோவின் 'ட்ராவல் 1103' மோட்டாரோடு வரும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 915 வாட் மணி. ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. பத்துக்கு ஒன்று! சின்ன பெட்ரோல் மோட்டார் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. கால்வாசிகூட புரொப்பெல்லருக்குப் போய்ச் சேராது. அதையும் கழித்தாலும் ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய இப்படி இரண்டு பேட்டரியாவது வேண்டும். ஐந்து லிட்டர் கேனை டிங்கியின் மூலையில் செருகிவிட்டால் பத்து பேட்டரியைச் சுமப்பதற்குச் சமம்.

இதைப் பார்த்ததும் பெட்ரோல் கட்சிக்காரர்கள் வழக்கு முடிந்தது என்பார்கள். முடியவில்லை. டிங்கி மாதிரியான சிறுபடகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது, வேகம் கூடக்கூட அதற்குத் தேவையான திறன் தாறுமாறாக ஏறும். தோராயமாக, வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. எட்டடி நீளம் தண்ணீரில் படிந்திருக்கும் படகுக்கு மணிக்கு 7 கி.மீ.தான் இயல்பான உச்சம். இரண்டு பெரியவர்களோடு அதைத் தாண்ட 2.5 ஹெச்.பி. பெட்ரோல் மோட்டாராலும் முடியாது. என்ன முறுக்கினாலும் சத்தமும் அலையும்தான் மிச்சம்.

1,100 வாட் மின் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் 915 வாட் மணி 50 நிமிடத்தில் காலி. ஐந்து கி.மீ. சொச்சம் போகலாம். வேகத்தைப் பாதியாக்கினால் கணக்குப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடி, 20 கி.மீ. தாண்ட வேண்டும். மெதுவாக ஓடும்போது மோட்டாரின் செயல்திறனும் குறையும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. என்றாலும் மின் டிங்கியின் சூட்சுமம் இதுதான்: அவசரப்படாதவனுக்கு அது வாரிக் கொடுக்கும். எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் சேர்ந்துகொண்டால் இந்தத் தாராளம் காணாமல் போய்விடும். அந்த நேரத்தில் மெதுவாகப் போனால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

தூரத்தைத் தாண்டினால் அடுத்து வருவது பராமரிப்பு. பெட்ரோல் கட்சி அதிகம் பேச விரும்பாத இடம் இது. ஹோண்டா பிஎஃப் 2.3 நல்ல மோட்டார். சுமார் 14 கிலோ, காற்றால் குளிர்வது, ஆகவே உள்ளே உப்புநீர் சுற்றும் குழாயே கிடையாது. ஆனால் கிளம்புவதற்குள் இத்தனையும் செய்தாக வேண்டும்: டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, பெட்ரோல் வால்வைத் திருப்பி, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்ட வேண்டும். அதில் ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக மோட்டாரையே அரைவட்டம் திருப்ப வேண்டும். சீசன் முடிந்து நாலைந்து மாதம் சும்மா கிடந்தால் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மஞ்சள் பிசினாகப் படியும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான்; அதில் ஒரு துளி பிசின் போதும், எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் மோட்டார் இருமிவிட்டு அடங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தலைவலி. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். இந்தியாவில் இப்போது விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். மூட்டை கட்டும் முன் கார்புரேட்டரை வடித்துக் காயவிடாதவர்கள் அடுத்த சீசனை மெக்கானிக்கிடம்தான் தொடங்குவார்கள்.

மின் மோட்டாரில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. காந்தச் சாவியை வைத்துப் பிடியைத் திருப்பினால் படகு நகரும். பிடியின் தலையில் உள்ள சின்னத் திரை எத்தனை சதவீதம் சார்ஜ் மீதி, இந்த வேகத்தில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிக்கொண்டே வரும். ட்ராவல் 1103-ன் மொத்த எடை சுமார் 17 கிலோ என்றாலும் ஆறு கிலோ பேட்டரியைத் தனியே கழற்றிவிடலாம். ஆடும் படகில் ஒற்றைக் கையால் தூக்கிக் கொடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கை தவறித் தண்ணீரில் விழுந்தாலும் அந்தப் பேட்டரி மிதக்கும்.

வாங்கும் விலைதான் கையைக் கடிக்கும். அமெரிக்கச் சந்தையில் 2.5 ஹெச்.பி. பெட்ரோல் மோட்டார் சுமார் 1,000 டாலர். லித்தியம் பேட்டரியோடு வரும் நல்ல மின் மோட்டார் 2,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். விமானத்தில் எடுத்துப்போகவும் முடியாது. பயணிகள் விமானத்தில் உதிரி பேட்டரிக்கு 160 வாட் மணிதான் வரம்பு. நங்கூரத்தில் நிற்கும் படகில் 100 வாட் சோலார் பலகையை மட்டும் நம்பினால், காலியான பேட்டரி நிறைய ஒன்பது பத்து மணி நேரம் முழு வெயில் வேண்டும். அப்படியானால் இரண்டு நாள்.

செலவைக் குறைக்க சிலர் தூண்டில்காரர்களின் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாரை வாங்கி, சாதாரண ஈய பேட்டரியில் இணைக்கிறார்கள். நன்னீர் ஏரிக்கு அது போதும். ஆனால் 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல் கனக்கும். பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுளும் குறையும். கடலில் ஓட்டுவதானால் உப்புநீருக்கென்று செய்த மாடலையே வாங்க வேண்டும்.

குறுகிய, மாறாத பாதை என்றால் பேட்டரி ஜெயிக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கேரளத்தின் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 'ஆதித்யா' என்ற 75 பேர் அமரும் சோலார் படகு ஓடுகிறது. காயலைக் கடக்கும் தூரம் மூன்று கி.மீ.க்குள்தான். அதே தொழில்நுட்பத்தை, விடிகாலையில் வலையோடு பல மைல் கடலுக்குள் போகும் நம் கடலோர ஃபைபர் படகில் இன்று மாட்டச் சொன்னால் மீனவர் சிரிப்பார். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே மோட்டார் வாங்கப் போகிறவர் ஹெச்.பி.யைக் கேட்கும் முன் வரைபடத்தை எடுத்து, தான் வழக்கமாகப் போய்வரும் தூரத்தை அளக்கட்டும். ஒரு வழிக்கு ஒன்றரை கி.மீ.க்குள், இரவில் சார்ஜ் போட வசதியும் உண்டு என்றால், காசு கூட ஆனாலும் மின் மோட்டாரையே வாங்கலாம். அதற்கு மேல் தூரம், வேகமான நீரோட்டம், கரையில் பிளக் கிடையாது என்றால் 2.5 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார்தான் சரி. எதை வாங்கினாலும் ஒரு ஜோடித் துடுப்பைப் படகிலிருந்து இறக்கிவிடாதீர்கள்.