மாதவிடாய் நின்றபின் எடை கூடுதா? அம்மாவிடம் இதைச் சொல்லுங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு மெஷின் வந்தபிறகு அம்மாக்களுக்குக் குனிஞ்சு நிமிர்ற வேலை குறைஞ்சிருக்கு. தட்டுல சோறு மட்டும் குறையலை. இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கு.

மாதவிடாய் நின்றதும் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அதன்பிறகு கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதிதான் அதை அதிகம் உருவாக்கும். கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும்; மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும்.

அடுத்தது எபிஜெனெடிக்ஸ். மரபணுவின் எழுத்து மாறாது. அதன்மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் ஸ்விட்ச் மாதிரி ஜீனை ஆஃப் செய்துவிடும். புற்றுநோயைத் தடுக்கும் ஜீனே ஆஃப் ஆனால் ஆபத்துதானே? உடல் பருமனுக்கும் இந்தக் குறிகளுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

'வலிக்கலையே'னு அம்மா கட்டியை மறைக்கலாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க!