சாயமும் சட்டமும்: கடல் கடக்கும் ஆடைகளுக்கான விதிகள்

காணியையும் கலப்பையையும் விட்டு இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்குத் தையல் ஒரு கைகொடுக்கும் தொழிலாக இருந்துவருகிறது. பெண்பிள்ளைகள் சிலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். வேறு சிலர் குழுவாகச் சேர்ந்து, கடனுக்கு இயந்திரம் வாங்கித் தைக்கிறார்கள். “வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், தைத்துத் தாருங்கள்” என்று ஒருவர் கேட்டு வந்தால் மகிழ்ச்சிதான். ஆயினும் துணியில் கத்தரிக்கோல் வைக்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டிய விதிகள் உண்டு. அவற்றுள் முக்கியமானது துணியின் சாயம் பற்றியது.

சாயத்தில் என்ன ஆபத்து?

இன்று பயன்படும் செயற்கைச் சாயங்களில் பெரும்பகுதி ‘அசோ’ எனும் இனத்தைச் சேர்ந்தவை. எல்லா அசோ சாயங்களும் தீயவை அல்ல. ஆனால் அவற்றுட் சில உடலில் பட்டுச் சிதையும்போது பென்சிடீன் போன்ற நச்சுப் பொருட்கள் பிறக்கின்றன. இவை புற்றுநோயை உண்டாக்க வல்லவை. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை 1895ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் மருத்துவர் லூட்விக் ரேன் எடுத்துக்காட்டினார். அதாவது, சாயத்தின் கேட்டை முதலில் அனுபவித்தவர் உடுத்தவர் அல்லர், உழைத்தவரே.

பொலியெஸ்டர் துணிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பருத்திக்கு இடும் சாயம் அதில் பிடிக்காது. ‘டிஸ்பேர்ஸ்’ எனப்படும் வேறு வகைச் சாயத்தைக் கடும் வெப்பத்தில் ஏற்றுகிறார்கள். சரியாக ஏறாத சாயம் வியர்வையோடு கழன்று தோலில் படியும். இவ்வகையில் சில நீலச் சாயங்கள் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்குபவை என அறியப்பட்டுள்ளன.

ஐரோப்பா கேட்பது என்ன?

ஜேர்மனி 1994இல் இத்தகைய அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது. இன்று அது ‘றீச்’ எனும் இரசாயனச் சட்டத்தின் பகுதியாக உள்ளது. அதன்படி, பட்டியலிடப்பட்ட 22 நச்சுப் பொருட்களுள் எதுவும் ஒரு கிலோகிராம் துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் வெளிப்படக் கூடாது. 2020 நவம்பர் முதல் மேலும் சில பொருட்களுக்கு எல்லை வந்தது. துணி சுருங்காதிருக்கப் பூசும் போர்மல்டிகைட் கிலோவுக்கு 75 மில்லிகிராம், ஈயம், கட்மியம் ஆகியவை தலா 1 மில்லிகிராம் என்பன அவற்றுட் சில.

லேபலில் நார் விபரமும் சரியாக இருக்க வேண்டும். பாதி பொலியெஸ்டர் கலந்த துணிக்கு ‘பருத்தி’ என்று எழுத முடியாது. இச்சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். நூலொன்றைக் கொளுத்தினால் பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாகும். ஆனால் சாயத்தின் நஞ்சைக் கண்ணாலோ மணத்தாலோ அறிய முடியாது. ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் கழலுமா என்பது மட்டுமே தெரியும். நஞ்சை ஆய்வுகூடமே சொல்ல வேண்டும்.

தீர்வை வேறு, விதி வேறு

இலங்கைக்குக் கிடைக்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் மீண்டும் வந்தது. அது இறக்குமதித் தீர்வையைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே. சாய விதியிலிருந்து எவருக்கும் விலக்குத் தராது.

நட்டம் யார் தலையில்?

ஐரோப்பிய சட்டப்படி பொறுப்பு இறக்குமதியாளருடையது. ஆனால் அவர் அதை ஒப்பந்தம் மூலம் விற்பவர்மேல் போடுவார். விற்பவர் முகவர்மேல் போடுவார். முகவர் தைத்தவர்மேல் போடுவார். துணியைத் தெரிவு செய்யாதவர், சாயம் போடாதவர், கூலியை இழந்து கடனோடு நிற்பார். வரம்பு கட்டாத வயலில் நீர் பள்ளத்துக்கே ஓடும். எழுத்தில் இருக்கும் உடன்பாடே இங்கு வரம்பு. ஆகவே குழுக்கள் பின்வருவனவற்றைக் கவனிக்கட்டும்:

1. முகவர் துணி தந்தால், சாயப் பரிசோதனைச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். அதிலுள்ள துணி இலக்கமும் கட்டிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

2. நீங்களே துணி வாங்குவதாயின், சான்றிதழ் தராத கடையில் ஏற்றுமதிக்கென வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

3. ஒவ்வொரு கட்டிலும் ஒரு மாதிரித் துண்டு வெட்டி, திகதியோடு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

4. “துணியின் சாயத்துக்குத் துணி தந்தவரே பொறுப்பு, தையற் கூலி எந்நிலையிலும் தரப்படும்” என எழுதிக் கையொப்பம் பெறுங்கள். கையொப்பமிட மறுப்பவரின் வேலையை ஏற்குமுன் குழுவாகக் கூடி யோசியுங்கள்.

5. வீட்டில் சாயம் போடுவோர் கையுறை அணியுங்கள். கழிவு நீரைக் கிணற்றருகே ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

இவ்விதிகள் எங்கோ இருக்கும் செல்வரின் தோலைக் காக்க மட்டும் வந்தவை என்று எண்ண வேண்டாம். நாளெல்லாம் அத்துணியைக் கையில் பிடித்துத் தைப்பவர் எமது பிள்ளைகள். அவர்களது உடலும் அதே அளவு பெறுமதியானது. சான்றிதழைக் கேட்பது முகவரைச் சந்தேகிப்பதாகாது; உழைப்பவரின் உரிமையைக் கேட்பதாகும். தனியே கேட்கத் தயங்குபவர் குழுவாகக் கேளுங்கள்.